39 நிமிடத்துக்கு முன்னும் பின்னும்

விண்டோஸ் எக்ஸ்பியைத் தன் கையால் போட்டுப் பழகியவர்களுக்கு அதன் கேள்விகள் வரிசையாக நினைவிருக்கும். நீலத் திரையில் உரிம ஒப்பந்தம் வரும். எஃப்8 அழுத்த வேண்டும். எந்தப் பார்ட்டிஷனில் போடுவது, எப்படி ஃபார்மட் செய்வது என்று கேட்கும். ஃபைல்களை நகலெடுத்து ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். பிறகு மொழி, பெயர், 25 எழுத்துச் சாவி, கணினியின் பெயர், பாஸ்வேர்டு, நேர மண்டலம், நெட்வொர்க் என்று தொடரும். எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் கேள்விகள் ஒரு மணி நேரத்துக்கு நடுநடுவே சிதறிக் கிடந்தன. கல்லூரி ஆய்வகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ வரிசையாக ஓஎஸ் போட வேண்டியவர், அந்தக் கேள்விகளுக்காகவே ஒவ்வொரு திரைக்கும் நடையாய் நடக்க வேண்டியிருந்தது.

கேள்வி கேட்காத சிடி இந்த நடையை மிச்சப்படுத்தப் பிறந்தது. அதன் உயிர் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று வரி வரியாக அதில் எழுதி வைத்தால், நிறுவல் நிரல் திரையைக் காட்டாமல் பதிலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சிடியைவிட இந்த ஃபைல் வயதில் மூத்தது. 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 காலத்திலேயே, நெட்வொர்க்கில் இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஓஎஸ் போடும்போது கட்டளையோடு பதில் ஃபைலின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தது. அப்போது அதற்கு அன்அட்டெண்ட்.டிஎக்ஸ்டி என்று பெயர். விண்டோஸ் 2000, எக்ஸ்பி நாட்களில் சிடியிலிருந்தே பூட் செய்வது வழக்கமானபோது வின்என்டி.சிஃப் என்று பெயர் மாறியது. மூலச் சிடியைத் தொடாமல், இந்த ஃபைலை மட்டும் ஒரு ஃப்ளாப்பியில் வைத்து டிரைவில் செருகிவிடலாம். அல்லது சிடியின் உள்ளடக்கத்தை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ஐ386 என்ற ஃபோல்டருக்குள் ஃபைலை வைத்து, புதுச் சிடியாக எரிக்கலாம். ஆர்வலர்கள் பிடித்துக்கொண்டது இரண்டாவது வழியை. சர்வீஸ் பேக்கைச் சேர்த்தார்கள், டிரைவர்களைச் சேர்த்தார்கள், வேண்டாதவற்றை நீக்கினார்கள். டினோ நுஹாகிச் எழுதிய என்லைட் என்ற மென்பொருள் வந்த பிறகு இதையெல்லாம் மவுஸ் கிளிக்கிலேயே செய்ய முடிந்தது.

கிளிக்கில் செய்ய முடிந்ததால் கிளிக்கில் கெடுக்கவும் முடிந்தது. அப்படிக் கெட்ட ஒரு சிடி கைக்கு வந்தால் எங்கே தொடங்குவது? பிழைச் செய்தியை அப்படியே நம்பி அதன் பின்னால் போவது பெரும்பாலும் வீண் வேலை. அந்தச் சிடி எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே சிடியை ஒருவர் மாற்றி ஒருவராகப் பலர் படிக்கிறார்கள்: முதலில் பயாஸ், அடுத்துச் சிடியின் பூட் செக்டர், பிறகு நீலத் திரை நிரல், அதன் பிறகு வரைகலைத் திரை, கடைசியில் முதன்முறை உள்ளே நுழையும் பயனர் கணக்கு. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது. தான் தேடியது கிடைக்காதபோது, அதைத் தன் பாஷையில் சொல்லிவிட்டு அவர் நின்றுவிடுவார். நாம் செய்த தவறு என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை.

பயாஸ் படிக்கும் பகுதிக்கு எல் டொரிட்டோ என்ற விதிமுறை இருக்கிறது. ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995இல் வெளியிட்டது. எக்ஸ்பி சிடியில் பூட் செக்டர் ஃபைலின் அளவு 2,048 பைட். எரிக்கும் மென்பொருளில் எமுலேஷன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். செக்மெண்ட் 07சி0, செக்டர் எண்ணிக்கை 4 என்று கொடுக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் சிடி பூட் ஆகாது. இவையெல்லாம் சரியாக இருந்தும், திரையில் ‘சிடிபூட்: என்டிஎல்டிஆர் கிடைக்கவில்லை’ என்ற ஒரே வரியோடு நின்றுவிடும் சிடிகள் உண்டு. என்டிஎல்டிஆர் என்பது ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஃபைல் ஆயிற்றே என்று டிஸ்கைச் சந்தேகப்பட்டு அதை மாற்றிப் பார்த்தவர்கள் பலர். உண்மையில் அந்தப் பூட் செக்டர் தேடுவது சிடியிலேயே ஐ386 ஃபோல்டருக்குள் இருக்கும் செட்டப்எல்டிஆர்.பின் என்ற ஃபைலை. அந்த ஃபோல்டரை ஒரு படி உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். அல்லது எரித்த மென்பொருள், ஐஎஸ்ஓ மரபுப்படி ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் அரைப்புள்ளியும் 1 என்ற எண்ணும் ஒட்டியிருக்கும். நீரோ என்ற எரிக்கும் மென்பொருளில் அதை வேண்டாம் என்று சொல்ல ஒரு தேர்வுக் கட்டமே உண்டு. அந்த ஒரு டிக் இல்லாததால் வீணான சிடிகள் எத்தனையோ.

சிடியின் மேல்தளத்தில் வின்51, வின்51ஐபி என்று சில பொடி ஃபைல்கள் கிடக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடத் தோன்றும். இது இன்ன சிடிதான் என்று நிறுவல் நிரல் அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான். சர்வீஸ் பேக் 2 சேர்த்தால் அதற்கும் ஓர் அடையாள ஃபைல் வேண்டும். அது இல்லாத சிடி டிரைவுக்குள் இருக்கும்போதே, ‘விண்டோஸ் எக்ஸ்பி சிடியைச் செருகவும்’ என்று திரை கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து நீலத் திரை. பதில் ஃபைலை முதன்முதலாகத் திறப்பது இந்தக் கட்டத்தில்தான். ஃபைலின் டேட்டா பகுதியில் இரண்டு வரிகள் கட்டாயம்: எம்எஸ்டாஸ்இனிஷியேட்டட் என்பதற்கு "0", அன்அட்டெண்டட்இன்ஸ்டால் என்பதற்கு "யெஸ்". இரண்டிலும் மேற்கோள் குறி வேண்டும். இவை விடுபட்டால் சிடியிலிருந்து பூட் செய்கிறோம் என்பதே நிரலுக்குப் புரியாமல் போகும். தவறு இங்கே இருக்க, தடுமாற்றம் பின்னால் வேறெங்கோ வெளிப்படும். பார்ட்டிஷன் தொடர்பான வரிகளில் விளையாடவே கூடாது. ரீபார்ட்டிஷன் என்பதற்கு யெஸ் என்று எழுதினால் முதல் ஹார்ட் டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷன்களும் போய்விடும். சி டிரைவுக்கு மட்டும் என்று நினைத்து எழுதி, டி டிரைவில் இருந்த குடும்பப் புகைப்படங்களைப் பறிகொடுத்தால் யாரிடம் முறையிடுவது? தனி ஒரு வீட்டுக் கணினிக்குச் செய்யும் சிடியில் பார்ட்டிஷன் கேள்வியை மட்டும் கேட்கவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு நிமிட நேரத்தை மிச்சப்படுத்துவதில் லாபம் எதுவும் இல்லை.

‘இந்த ஃபைலை நகலெடுக்க முடியவில்லை’ என்று நீலத் திரை நின்றால் ஒரு சோதனை போதும். எந்தக் கணினியில் போட்டாலும் அதே ஃபைலின் பெயர் வருகிறதா? அப்படியானால் சிடியின் உள்ளடக்கத்தில் குறை. டெக்ஸ்ட்செட்டப்.சிஃப் என்ற பட்டியலில் அந்த ஃபைல் இருக்கிறது, ஐ386இல் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருகிறதா? எரித்த வேகத்தையும் சிடி டிரைவின் லென்ஸையும் கணினியின் ராமையும் சந்தேகப்பட வேண்டும். பதில் ஃபைலைத் திருத்தி ஒரு பயனும் இல்லை.

நீலத் திரைக் காலத்தின் பெரிய துயரம் 7பி பிழை. பூட் ஆக வேண்டிய டிஸ்கையே அணுக முடியவில்லை என்று பொருள். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். சாட்டா டிஸ்குகளும் அவற்றின் ஏஹெச்சிஐ முறையும் பரவியது அதற்குப் பிறகு. அதற்கான டிரைவர் மூலச் சிடியில் கிடையாது. எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் புது லேப்டாப்புகளில் ஃப்ளாப்பி டிரைவே மறைந்துகொண்டிருந்தது. பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐயை ஐடிஇ என்று மாற்றித் தப்பித்தவர்கள் உண்டு. அந்தத் தேர்வையே காட்டாத லேப்டாப்புகளும் உண்டு. அப்போது டிரைவரைச் சிடிக்குள் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் மிக அதிகமானோர் தடுக்கி விழுந்தார்கள். சாட்டா டிரைவரைச் சரியாகக் கண்டுபிடித்து, $ஓஇஎம்$ என்ற ஃபோல்டரில் மற்ற டிரைவர்களோடு வைத்து, பதில் ஃபைலில் அதன் பாதையையும் பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். ஆனாலும் 7பி வரும். அந்தப் பாதை வரியைப் படிப்பது வரைகலைத் திரை. நீலத் திரைக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. அதற்கு வேண்டிய டிரைவர் ஐ386 ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், டெக்ஸ்ட்செட்டப்.சிஃப் பட்டியலில் எந்த ஃபைல், எந்த வன்பொருள் அடையாளத்துக்கு எந்த டிரைவர், எப்போது ஏற்ற வேண்டும் என்று தனித்தனிப் பகுதிகளில் பதிய வேண்டும். இதிலும் ஒரு பாதிப் பிழை உண்டு. நீலத் திரை டிஸ்கைச் சரியாகக் காணும், ஃபைல்களை நகலெடுக்கும், ரீஸ்டார்ட் ஆகும், உடனே 7பி வரும். சிடியிலிருந்து டிரைவர் ஏறிவிட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்கில் போட்ட விண்டோஸுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வன்பொருள் அடையாளப் பகுதியில் அந்தச் சிப்செட்டின் வரி விடுபட்டிருக்கும். இரண்டும் ஒரே பிழை எண்தான். ரீஸ்டார்ட்டுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதில் விடை இருக்கிறது. பெல்ஜியத்து விம் லீர்ஸ் தொடங்கிய டிரைவர்பேக்ஸ் என்ற முயற்சி இந்தப் பதிவுகளைத் தானே செய்து கொடுத்தது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ தன்னார்வலர்கள் சிப்செட் சிப்செட்டாகச் சோதித்துச் சேர்த்த உழைப்பு அது. நன்றியோடு சொல்ல வேண்டிய விஷயம்.

ரீஸ்டார்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிடியிலிருந்து பூட் ஆக ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும் வரியைக் காட்டுவது பூட்ஃபிக்ஸ்.பின் என்ற ஃபைல். யாருமே இல்லாமல் ஓட வேண்டிய சிடிக்கு அந்த வரி எதற்கு என்று அதை நீக்கிவிடுவார்கள். முதல் பூட் அழகாகப் போகும். நீலத் திரை வேலை முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும், சிடி டிரைவிலேயே இருப்பதால் மறுபடி சிடியிலிருந்தே பூட் ஆகி, நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். காலைவரை விட்டாலும் இப்படியே சுற்றும். பயாஸில் ஹார்ட் டிஸ்கை முதலாவதாகவும் சிடியை இரண்டாவதாகவும் வைத்தால் காலி டிஸ்கில் இந்தச் சுற்று வராது. ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் சிடிக்கு முறையே வராது. ஆகவே அந்த ஃபைலை நீக்காமல், முதல் முறை ஒரு விசையை அழுத்திவிட்டுப் போவதே சுகம்.

வரைகலைத் திரை ‘இன்னும் சுமார் 39 நிமிடங்கள்’ என்று தொடங்கும். அந்த எண்ணுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பழுது பார்ப்பவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை, ஏனென்றால் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு குறிப்பிட்ட வேலை நடக்கிறது. 34இல் நின்றால் வன்பொருள்களைக் கண்டறியும் கட்டம். சேர்த்த டிரைவர்களில் ஒன்று தகராறு செய்கிறது. டிரைவர் பாதை வரிக்கு 4,096 எழுத்து வரம்பு உண்டு. நீளமான ஃபோல்டர் பெயர்களால் வரம்பைத் தாண்டியவர்களுக்குக் கடைசியில் இருக்கும் டிரைவர்கள் போய்ச் சேராது. அதனால்தான் அனுபவசாலிகள் ஃபோல்டர்களுக்கு ஓரெழுத்துப் பெயர் வைத்தார்கள். 13இலும் 12இலும் நாம் சேர்த்த அப்டேட்களும் கூடுதல் நிரல்களும் ஓடும். சிஎம்டிலைன்ஸ்.டிஎக்ஸ்டி என்ற பட்டியல் ஓடுவது 12இல். அப்போது கணினியில் பயனர் என்று யாரும் இல்லை. எல்லாம் சிஸ்டத்தின் பெயரில் நடக்கிறது. எம்எஸ்ஐ வகை நிரல்களை அங்கே போட முடியாது. அவற்றை முதல் லாகினுக்குத் தள்ள வேண்டும். அமைதியாக நிறுவும் சுவிட்ச் தவறாக இருந்தால், அந்த நிரல் ‘நெக்ஸ்ட்’ பொத்தானோடு காத்திருக்க, 12 அப்படியே நிற்கும். என்எஸ்ஐஎஸ் முறையில் கட்டிய நிரல்களுக்குப் பெரிய ‘எஸ்’தான் சரி, சின்ன ‘எஸ்’ போட்டால் காதில் வாங்காது. நின்ற திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அங்கிருந்து விண்டோஸ் ஃபோல்டரில் செட்டப்எர்ர்.லாக், செட்டப்ஏபிஐ.லாக் இரண்டையும் படிக்கலாம். ஊகத்தில் சிடி சிடியாக எரிப்பதைவிட இந்த லாக்குகளைப் படிக்கும் பத்து நிமிடம் மேல்.

சிடி நிற்காமலே, எந்தப் பிழையும் காட்டாமலே தவறு செய்யும் இடங்களும் உண்டு. நேர மண்டலம் அதில் ஒன்று. பதில் ஃபைலில் அது ஓர் எண்: சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லிக்கு 190. அமெரிக்க மாதிரி ஃபைலை அப்படியே எடுத்தவர்களின் கணினி பசிபிக் நேரத்துக்கு எழுந்தது. இலங்கைக்கு 200 என்று தனி எண் இருந்தது, கிரீன்விச்சுக்கு 6 மணி நேரம் முன்பாக. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி, அந்த ஆண்டின் இறுதிக்குள் ஆறு மணி நேரத்தில் நிலைத்திருந்தது. எக்ஸ்பி அதைத்தான் அறிந்திருந்தது. 2006 ஏப்ரலில் நாடு மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்குமுன் எரித்த சிடியில் எழுதியிருந்த 200 மாறாது. அப்டேட் போய்ச் சேராத கணினியில் கடிகாரம் அரை மணி முந்தி ஓடும். யாரும் சிடியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னொன்று தமிழ். விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோடு வந்துவிட்டது. ஆனால் ஆங்கில எக்ஸ்பியில் அது தானாக இயங்காது. சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஃபைல்களைத் தனியே தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கு மறுபடி சிடியைக் கேட்கும். பதில் ஃபைலில் மொழிக் குழு 15 என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்திய எழுத்துமுறைகள் நிறுவலின்போதே அமைந்துவிடும். சிடியை மெலிய வைக்கப் பார்த்தவர்கள் செய்தது இதற்கு நேரெதிர். மொழிகள் என்ற பட்டியலைப் பார்த்து, நமக்கு ஆங்கிலம் போதுமே என்று எல்லாவற்றையும் நீக்கினார்கள். அந்தக் கணினியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் தனித்து நிற்கும். பின்னாளில் சேர்க்கலாம் என்றால், கேட்கும் ஃபைல் அந்தச் சிடியில் இருக்காது. வேண்டாதது எது என்று முடிவு செய்தவர் ஒருவர், அந்தக் கணினியில் தினமும் உட்காரப்போகிறவர் வேறொருவர். யாரோ மெலிய வைத்துச் சுற்றுக்கு விட்ட சிடிகளை நான் ஒருபோதும் பரிந்துரைக்காததற்கு இதுவே முதல் காரணம்.

கணினியின் பெயரையும் இதோடு சொல்லிவிடலாம். ஒரு பெயரை நிலையாக எழுதி வைத்துவிட்டு எல்லாக் கணினியிலும் போட்டால், நெட்வொர்க்கில் ஒரே பெயர் இருமுறை இருக்கிறது என்று சண்டை வரும். நட்சத்திரக் குறி இட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை நிரலே உண்டாக்கிக்கொள்ளும்.

எரிப்பதற்கு முன் விர்ச்சுவல் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த அறிவுரை. விஎம்வேர், விர்ச்சுவல் பிசி, பின்னர் விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாம் அதற்கு உதவின. ஆனால் அவற்றின் ஐடிஇ டிஸ்கில் வெற்றி கண்ட சிடி, உண்மையான லேப்டாப்பின் சாட்டாவில் 7பியில் விழலாம். பதில்கள் சரியா என்று விர்ச்சுவல் கணினி சொல்லும். டிரைவர் சரியா என்று அந்த வன்பொருள்தான் சொல்ல வேண்டும். சோதிக்கும் காலத்தில் அன்அட்டெண்ட்மோட் என்ற வரிக்கு முழுத் தானியங்கியைக் கொடுக்காமல் டிஃபால்ட்ஹைட் என்று கொடுத்தால், பதில் இல்லாத பக்கம் மட்டும் திரையில் தோன்றும். எந்த வரி குறைகிறது என்று அப்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

விஸ்டாவோடு அந்த டெக்ஸ்ட் ஃபைல் ஆட்டோஅன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல் ஆனது. நீலத் திரை போய், ஏழு கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு பதிலும் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று ஃபைலிலேயே எழுதும்படி ஆனது பெரிய நிம்மதி. ஆனாலும் 64 பிட் விண்டோஸுக்கு 32 பிட் என்று குறித்த பகுதியை எழுதினால் எந்த முறையீடும் இல்லாமல் அதைத் தாண்டிப் போகும். சிடி டிவிடியாகி, பிறகு பென்டிரைவ் ஆனது. 2015க்குப் பின் வந்த இன்டெல் சிப்செட்டுகளில் விண்டோஸ் 7ஐ பென்டிரைவிலிருந்து போட முயன்றவர்களுக்குப் பழைய 7பியே வேறு முகத்தோடு வந்தது. பயாஸ் பென்டிரைவைப் படித்து நிரலைத் தொடங்கும். தொடங்கிய நிரலுக்கு யுஎஸ்பி 3 டிரைவர் இல்லாததால் தான் எழுந்துவந்த பென்டிரைவையே காண முடியாமல், ‘சிடி டிரைவுக்கான டிரைவர் இல்லை’ என்று நிற்கும். நிறுவல் நிரல் இருக்கும் பூட்.விம்மிலும், போடப்படும் விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம்மிலும் டிரைவரைச் சேர்த்தால்தான் முடிவுவரை போகும். பூட்.விம்மில் மட்டும் சேர்த்தவருக்கு, நிறுவல் முடிந்த பிறகு கீபோர்டும் மவுஸும் இயங்காது.

வேலை முடிந்த பின் பதில் ஃபைல் கணினியிலேயே தங்கிவிடுகிறது. எக்ஸ்பி அதைச் சிஸ்டம்32 ஃபோல்டரில் $வின்என்டி$.இன்ஃப் என்ற பெயரில் வைத்தது. விஸ்டா முதல் அது விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாந்தர் என்ற ஃபோல்டரில் இருக்கும். அங்கே தங்கிய பழைய ஃபைலுக்குப் பென்டிரைவில் இருப்பதைவிட முன்னுரிமை உண்டு. நகலெடுத்துப் பரப்பத் தயாரித்த கணினியில் இதை மறந்தவர்கள், புது ஃபைலை எத்தனை திருத்தினாலும் பழைய பதில்களே வருவதைக் கண்டு திகைப்பார்கள். பாந்தர் நகலில் பாஸ்வேர்டை விண்டோஸ் தானே துடைத்துவிடும். சிடியிலும் பென்டிரைவிலும் இருக்கும் மூல ஃபைலைத் துடைக்க யாரும் இல்லை. எக்ஸ்பி காலத்து ஃபைலில் பெரும்பாலும் பாஸ்வேர்டு வெளிப்படையாகவே இருந்தது, நோட்பேடில் திறந்தால் படித்துவிடலாம். விஸ்டா முதல் பதில் ஃபைலை உருவாக்கும் கருவி மறைத்து எழுதுவது வெறும் பேஸ்64 உருமாற்றம், எவரும் நொடியில் திருப்பிவிடலாம். ஆகவே பதில் ஃபைலில் எழுதுவது நிறுவலுக்கு மட்டுமான ஒரு தற்காலிக பாஸ்வேர்டாக இருக்கட்டும். முதல் லாகினில் அதை மாற்றிவிடுங்கள்.